நண்டுத் தொட்டியில் ஒரு பாடு

எங்கள் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொன்னால், பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் ரப்பர் செருப்பைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். ரப்பர் செருப்பு போட்டவள் வீட்டில் குளம் இருக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? ஆனால் ஒன்று, அது குளமாகப் பிறக்கவில்லை. நண்டுத் தொட்டியாகப் பிறந்தது.

என் வீட்டுக்காரர் போட் இன்ஜின் மெக்கானிக். நல்ல மெக்கானிக். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். யாரோ நண்டு வளர்த்துப் பெரிய ஆளாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டினார். நெஞ்சளவு ஆழம். நண்டுக்கு எதற்கு நெஞ்சளவு ஆழம் என்று கேட்டேன். "எதையும் பெருசா யோசிக்கணும்"னு சொன்னார். உள்ளே விட்ட நண்டுகள் ஒன்றையொன்று தின்றன. கடைசியில் ஒரே ஒரு நண்டு மிஞ்சியது. அதை நாங்கள் தின்றோம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அந்தத் தொட்டியில் கிழிந்த வலையும் காய்ந்த விறகும்தான் குடியிருந்தன.

தொட்டிக்கு மறுவாழ்வு வந்தது என் அக்காவின் முட்டியால்.

அக்கா சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிறாள். கையால் இறால் பிடிப்பதுதான் அவளுக்கு வேலை, பொழுதுபோக்கு, எல்லாம். பழவேற்காடு ஏரியில் தண்ணீர் முழங்காலளவு இருக்கும் இடமாகப் பார்த்து இறங்கி, முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்து போவாள். ஓலையில் பின்னிய பறி, அதுதான் கூடை, பல்லில் கடித்தபடி தொங்கும். கையில் அகப்படுகிற இறால் நேராகப் பறிக்குள் போய்விடும். வாயில் பறி இருக்கும் நேரம் மட்டும்தான் அவள் பேசாமல் இருப்பாள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருப்பதால் நான் சண்டைக்குப் போவதில்லை.

அப்படிப்பட்டவள் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முட்டிச் சில்லை உடைத்துக்கொண்டாள். பொன்னேரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்துக் கட்டுப் போட்டார்கள். சுண்ணாம்புக்குளத்து வீட்டில் அவள் ஒருத்திதான் என்பதால் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கட்டுப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. முட்டிதான் மடங்கவில்லை. மழைக்காலத்துக் கதவு மாதிரி பாதியில் பிடித்துக்கொண்டு நின்றது.

டாக்டர் ஒரு நாற்காலியைக் காட்டினார். "இதுல உட்கார்ந்தா உங்க குதிகால் நாற்காலிக்கு அடியில போகணும். அடுத்த தடவை வரும்போது போகலேன்னா, மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்க வேண்டியிருக்கும்" என்றார். நெஞ்சளவு தண்ணீரில் தினமும் நடந்தால் முட்டி இளகும் என்றும் சொன்னார். ஏரி மட்டும் கூடவே கூடாது. சேறு காலைப் பிடித்து இழுக்கும், சிப்பி ஓட்டில் வழுக்கும், இன்னொரு தடவை விழுந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துக் காட்டினார்.

அக்காவுக்கு ஆபரேஷன்கூடப் பயமில்லை. மயக்க மருந்துதான் பயம். போன தடவை அதிலிருந்து எழுந்தபோது தான் எங்கே இருக்கிறோம், யார் என்று கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் கிடந்தாளாம். "இன்னொருக்கா அந்த ஊசி போட்டா நான் எழுந்துக்க மாட்டேம்மே"னு அன்றைக்கு பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது இன்னொன்றும் சொன்னாள். "முட்டி மடங்கலேன்னா ஏரில எறங்க முடியாது. ஏரில எறங்க முடியலேன்னா நான் இன்னாத்துக்கு?" வாயை மூடு என்று சொன்னேன். எனக்கு அழுகை வந்தால் இப்படித்தான் திட்டு வரும்.

வீட்டுக்காரர் விறகை வெளியே தூக்கிப் போட்டார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, படிக்கட்டு கட்டி, நீல பெயிண்ட் அடித்தார். மூடிப்போன ஒரு இறால் குஞ்சுப் பண்ணையிலிருந்து பழைய பம்பும் மணல் பில்டரும் வாங்கி வந்து மாட்டினார். எங்கள் பக்கம் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். லாரித் தண்ணீர் வாங்கி, ரோட்டோரத்திலிருந்து குழாயை ஒன்றோடொன்று ஒட்டி இழுத்து நிரப்பினோம். அக்கா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, "உப்பே இல்லியே, இதுல எப்படி நடக்குறது?"ன்னாள்.

தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. அவருக்கு இன்ஜினில் எண்ணெய் பார்க்கத் தெரியும், தண்ணீர் பார்க்கப் பொறுமை கிடையாது. காலையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்து ஊற்றுவேன். சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். மஞ்சள் தெரிந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் நல்ல மஞ்சள். மத்தியானம் பார்த்தால் ஒன்றும் இல்லை, வெள்ளை. மறுபடி ஊற்றுவேன். சாயங்காலம் மறுபடி வெள்ளை. யாராவது குடிக்கிறார்களா என்றுகூட நினைத்தேன்.

பொன்னேரியில் பம்பும் குள மருந்தும் விற்கிற கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

"வெயில் குடிக்குதுக்கா. திறந்த தொட்டில குளோரின் நிக்காது. ஸ்டெபிலைசர்னு ஒரு பவுடர் கீது. அது குளோரினுக்குக் குடை புடிக்கும். முப்பதுலேர்ந்து அம்பதுக்குள்ள இருந்தா போதும். அதுக்கு மேல ஏத்தாதே."

பவுடர் வாங்கி வந்தேன். அப்படியே கொட்டக் கூடாது, சீக்கிரம் கரையாது, ஒரு சாக்ஸில் போட்டுக் கட்டித் தண்ணீர் வந்து விழுகிற குழாய்க்கு முன்னால் தொங்கவிடு என்றார். எங்கள் தெருவில் சாக்ஸுக்கு எங்கே போவது? என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்து வெள்ளை சாக்ஸ் ஒன்று பரண்மேல் கிடைத்தது. அதில் பவுடரைப் போட்டுத் தொங்கவிட்டு, தினமும் கசக்கிவிட்டேன். அக்கா படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது, தண்ணிக்குக் குளுருதுன்னு சாக்ஸ் மாட்டிவுட்டுக்கீறே?"

"ஆமா, உனக்கும் மாட்டிவிடுறேன், வாய்க்கு."

ஸ்டெபிலைசர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு நீளமான குழல் தந்திருந்தார்கள். அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. தொட்டித் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் ஸ்டெபிலைசர் இருக்கிற அளவுக்குக் கலங்கும். அந்தக் கலங்கல் தண்ணீரைக் குழலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எங்கே மறைகிறதோ அந்தக் கோட்டில் இருப்பதுதான் அளவு. குழல் நிறைய ஊற்றியும் புள்ளி தெரிந்தால் ஸ்டெபிலைசரே இல்லை. சீக்கிரம் மறைந்துவிட்டால் ஜாஸ்தி. எனக்குப் புள்ளி குழலின் நடுவில் அழகாக மறைந்தது. அன்றைக்கு மத்தியானம் சொட்டு விட்டால் மஞ்சள்! கத்திரி வெயிலில் மஞ்சள்! வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஷோக்கா கீது"ன்னு சொல்லிவிட்டு இன்ஜினைப் பார்க்கப் போய்விட்டார். சோதனைக் குழலை நான் துடைத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்தேன். குடை விரித்தாகிவிட்டது, இனி அதைப் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கரைத்துக் கை வெந்துபோனதால் குளோரின் மாத்திரைக்கு மாறினேன். பெரிய வடை அளவு மாத்திரை. மிதக்கிற டப்பாவில் ஒன்று போட்டால் சில நாள் தாங்கும். எல்லாம் சௌகரியமாக நடந்தது.

அக்காதான் நடக்கவில்லை.

"தனியா இன்னாத்த நடக்குறது? செக்கு மாடு மாதிரி"ன்னு படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பேச்சுத் துணை இல்லாமல் அவளால் ஒரு எட்டு வைக்க முடியாது. அவளைப் பார்க்க வந்த தெருப் பெண்கள் வெயிலுக்கு இதமாகக் காலை நனைத்தார்கள். அப்புறம் முட்டிவரை. அப்புறம் புடவையோடு உள்ளேயே இறங்கிவிட்டார்கள். அவர்கள் இறங்கியதும் இவளும் இறங்கினாள். பேசிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இவளுடைய காலை. மடங்கியது, கொஞ்சம்.

செய்தி பரவியது. தெருவே வந்தது. ஒரே நேரத்தில் அத்தனை பேர் இறங்கினால் தண்ணீர் படியைத் தாண்டி வழிந்தது, அக்காவுக்கு நடக்க இடம் இல்லை, யார் முதலில் என்று சண்டை. என் கத்தல் ஒருத்தி காதிலும் ஏறவில்லை. கடைசியில் அக்காதான் தண்ணீருக்குள்ளிருந்து சொன்னாள்.

"பாடு வெச்சுக்கலாம்."

தண்ணீருக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

பழவேற்காடு ஏரியில் வலைக்காரர்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் நன்றாகப் படுகிற இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் மண்டை உடையும். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று பிரித்துக்கொள்வார்கள். முறை வந்தவர்களுக்கு அன்றைக்கு அந்த இடம் சொந்தம். இன்னொருவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. "இன்னிக்கு எங்க பாடு" என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது குரலே வேறு மாதிரி இருக்கும். கையால் இறால் தடவுகிற எங்கள் தெருவுக்குப் பாடு கிடையாது. வலை போட்டதுபோக மிச்சமான இடத்தில், யாரும் விரட்டாத நேரத்தில் தடவிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் தெருவில் ஒருத்தியும் அதுவரை "எங்க பாடு" என்ற வார்த்தையைத் தன் வாயால் சொன்னதில்லை.

சீட்டுக்குப் பதில் கிளிஞ்சல். வீட்டுக்கு ஒரு கிளிஞ்சலில் ஆளாளுக்கு ஒரு அடையாளம் கீறிக் குடத்தில் போட்டார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வீடு. பாடு வந்த வீட்டார் அக்காவோடு நடக்க வேண்டும், அவளைக் கையைப் பிடித்து இறக்கி ஏற்ற வேண்டும். இதுதான் சட்டம். முதல் பாடு வந்தவள் காலையிலேயே தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்தாள். குளிப்பதற்கு வருகிறவள் குளித்துவிட்டு வந்தாள்! "இன்னிக்கு எங்க பாடு"ன்னு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் யாருமே இல்லை. ஏரிக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளோ என்னவோ.

நாட்கள் ஓடின. அக்கா ஏரிப் பழக்கத்தில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே இறங்குவாள். பேச வேண்டியதாகிவிட்டால் பறி பக்கத்திலிருப்பவள் கைக்குப் போகும். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். குதிகால் நாற்காலிக் கால்வரை வந்தது. அடியில் போகவில்லை. அவள் போட்ட சத்தத்துக்கும் நடந்த நடைக்கும் போயிருக்க வேண்டும். ஒரு இடத்துக்கு மேல் வலிக்கும் என்கிற பயத்தில் அவளே காலை நிறுத்திவிடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் சண்டை.

தண்ணீரில் ஒரு குறையும் தெரியவில்லை. சொட்டு விட்டால் அடர்ந்த மஞ்சள். ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தின நாளைவிட மஞ்சள். நான் நல்ல கைராசிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வாரம், ஒரு காலை பின்கதவைத் திறந்தால், தொட்டி பச்சை. வேப்பிலையை அரைத்துக் கரைத்த மாதிரி பச்சை. ஓடிப்போய்ச் சொட்டு விட்டேன். மஞ்சள்! குளோரின் இருக்கிறது, பாசியும் இருக்கிறது. அதெப்படி? போலீஸும் திருடனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கதையாக இருந்தது. அடியும் தெரியவில்லை, படியைக் கையால் தொட்டால் வழுவழு. அக்காவை இறங்காதே என்றேன். வழுக்கினால் எல்லாம் போச்சு. அவளுக்கும் அது தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததுதான் என்னை உலுக்கியது.

இரண்டு நாள் அப்படியே போனது. நான் மாத்திரை போட்டேன், பிளீச்சிங் போட்டேன், தேய்த்தேன், கத்தினேன். பச்சை பச்சையாகவே இருந்தது. இந்தப் பக்கம் முட்டி மறுபடி இறுகத் தொடங்கியது. முந்தின வாரம் நாற்காலிக் கால்வரை வந்த குதிகால் இப்போது அதுவரைகூட வரவில்லை. "ஊசி போட்டே தீருவாங்க போல"ன்னு அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "ஸ்டெபிலைசர் பாத்தியாக்கா?"ன்னார்.

"அது அப்பவே பாத்து வெச்சாச்சே. அப்புறம் அந்தப் பவுடர நான் தொடவே இல்ல."

"மாத்திரைலயே ஸ்டெபிலைசர் கீதுக்கா! குளோரின் செலவாயிடும், இது போகவே போகாது. வெயில்ல தண்ணி வத்துனாலும் அது மட்டும் உள்ளயே நிக்கும். குடை ஜாஸ்தியாச்சுன்னா குளோரின் குடைக்கு உள்ளயே குந்திக்கும், வேலைக்கு வராது. ஆனா நீ ஒரு மாத்திரை போட்டா இவ்ளோ சீக்கிரம் ஏறாதே..." கொஞ்சம் யோசித்தார். "ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன். உங்க தெருவுல இன்னா, வூட்டுக்கு வூடு நீச்சல் குளமா? டெய்லி ஒரு பொம்பள வந்து மாத்திரை வாங்கினு போதே!"

அலமாரியிலிருந்து குழலை எடுத்தேன். கலங்கல் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்ததுமே புள்ளியைக் காணோம். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி ஊற்றினேன். அப்போதும் விரலளவு ஏறுவதற்குள் காணோம்.

தெருவில் போய் நின்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரை ஏறின. பெண்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். யார் மாத்திரை போட்டது என்று கேட்டேன். எல்லோரும்தான் என்றார்கள், என்னவோ நான் பாராட்ட வந்த மாதிரி.

"பாடு வந்தா சும்மா எறங்கிட்டு சும்மா ஏறுவோமா? மானம் மரியாதி இல்ல?"ன்னாள் முதல் பாடு வந்தவள். "நீ போடுறத பாத்தோம். அது தண்ணிக்கு நாம வெக்கிற மரியாதின்னு நாங்களும் ஆளுக்கொண்ணு போட்டோம்."

"நான் ரெண்டு போட்டேன்"னாள் அவளுடைய நாத்தனார். "அவ ஒண்ணு போட்டாளே, நான் கொறச்சலா இன்னா?"

அவளுக்கு அடுத்தவள் ஏன் சும்மா இருப்பாள்? வீட்டுக்கு வீடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்த பாடு, அதில் ஒருத்தியும் குறைந்து போகத் தயாரில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நல்லதுக்குத்தானே போடுறாங்கன்னு வுட்டுட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

ஸ்டெபிலைசரை இறக்க மருந்து கிடையாது, முக்கால்வாசித் தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் வழி என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். லாரி ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்றார்கள். மறுநாள் திங்கள், டாக்டர். பெண்கள் ஒரே குரலில், "எங்க பாடு, எங்க தண்ணி"ன்னு லாரிக்குத் தாங்களே ஏற்பாடு செய்தார்கள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். ரொம்பப் பலமாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் பம்பைப் போட்டார். குழாயை ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனவரை நடுவில் மறித்தேன். "இந்தத் தண்ணிய ஏரில வுட்டா இறா குஞ்சு ஒண்ணு மிஞ்சாது. முள்ளுக்காட்டு மணல்ல வுடு"ன்னேன். "சரிங்க ஆபீசரம்மா"ன்னு திரும்பினார். தண்ணீர் இறங்க இறங்கப் பெண்கள் உள்ளே இறங்கிச் சுவரையும் தரையையும் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். வழுவழுப்பு போய்ச் சிமெண்ட் சொரசொரவென்று வந்தது. தண்ணீர் முழங்காலளவுக்கு வந்ததும் வீட்டுக்காரர் பம்பை நிறுத்திவிட்டு லாரியைப் பார்க்க ரோட்டுக்குப் போனார். அக்கா மேல்படியில் காலை நீட்டிப் பறியை மடியில் வைத்துக்கொண்டு, யார் எங்கே சரியாகத் தேய்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது இரண்டு மாத்திரை போட்ட நாத்தனார், "ஐயோ என் மூக்குத்தி!"ன்னு அலறினாள். முகத்தைத் துடைத்தபோது கழன்று விழுந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்ட மூக்குத்தி. பச்சைத் தண்ணீரில் எங்கே தேடுவது? எல்லோரும் குனிந்து கையை விட்டுத் துழாவினார்கள். காலால் வேறு கலக்கினார்கள்.

"யாரும் நவுறாதீங்க! கல்லாட்டம் நில்லுங்க!"

அக்காவின் குரல். நான் திரும்புவதற்குள் அவள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவது அவள் காதில் விழவில்லை. முழங்காலளவு தண்ணீர். அடியில் என்னவோ கிடக்கிறது. அதைக் கையால் தடவி எடுக்க வேண்டும். இது அவள் சின்ன வயதிலிருந்து தினமும் செய்த வேலை. நல்ல காலை முதலில் மடக்கினாள். அப்புறம் அந்தக் காலை. அப்படியே தண்ணீருக்குள் போய் முட்டி போட்டு, பின்பக்கம் குதிகாலில் பதிய, இரண்டு கையையும் தரையோடு விரித்துத் தடவிக்கொண்டே முன்னே நகர்ந்தாள்.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று எல்லோருக்குமே புரிந்திருந்தது. முன்னே போனாள், மூலையில் திரும்பினாள், மறுபடி வந்தாள். பழைய வேகம். வலது கை சட்டென்று நின்றது. எடுத்துப் பார்த்து, பழக்கதோஷத்தில் அதைப் பறிக்குள் போட்டாள். மூக்குத்தி.

"யக்கா," என்றேன். "யக்கா, நீ எப்படிக் குந்திக்கீறே பாரு."

அவள் பறியைக் கடித்தபடியே என்னைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் கையை விட்டுத் தன் குதிகாலைத் தொட்டாள். அது அவளுக்கு அடியில் இருந்தது. பறி வாயிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. "அடியேய்!"னு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். அப்புறம் அத்தனை பேரும் போட்ட சத்தத்தில், பறியோடு மூக்குத்தி மறுபடி போயிற்று என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் அவளே தடவி எடுத்தாள். நான் படியில் உட்கார்ந்து கோவென்று அழுதேன். திட்டு வரவில்லை, அழுகையே வந்தது.

லாரி ரோட்டில் ஹாரன் அடித்தது. வீட்டுக்காரர் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அக்கா தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஊத்தாதே தம்பி. இன்னிக்கு என் பாடு. இன்னும் ரெண்டு சுத்து போய்க்கிறேன்."

லாரிக்காரர் அரைமணி நேரம் கத்திக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாள் டாக்டர் நாற்காலியைக் காட்டுவதற்கு முன்பே அக்கா அவர் ரூம் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் முனகினாள், ஆனால் உட்கார்ந்தாள். அவர் மேஜையைச் சுற்றி வந்து பார்த்து, எந்த இடத்தில் பிசியோதெரபி பார்த்தீர்கள் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நண்டுத் தொட்டி என்று எப்படிச் சொல்வது? "வூட்லயேங்க"ன்னு சொல்லிவைத்தேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே செய்யட்டும், சேறு இல்லாத இடமாகப் பார்த்து அப்புறம் ஏரியிலும் இறங்கலாம் என்றார்.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை குழலை எடுத்துப் புள்ளி பார்க்கிறேன். நடுவில்தான் மறைகிறது. மாத்திரையை விட்டுவிட்டுப் பழையபடி பிளீச்சிங் கரைசலை ஊற்றுகிறேன், சாயங்காலத்தில், வெயில் சாய்ந்த பிறகு. தெருவில் பாடு நடக்கிறது. ஒரு சட்டம் சேர்த்திருக்கிறேன். யாரும் எதையும் தண்ணீரில் போடக் கூடாது, மரியாதை செய்ய வேண்டுமென்றால் என் வாசலில் கோலம் போடட்டும். கோலம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அக்கா சுண்ணாம்புக்குளத்துக்குத் திரும்பிப் போனாள். ஆனால் அவளுடைய கிளிஞ்சலைக் குடத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று தெருவே சொல்லிவிட்டது. தன் பாடு வரும்போதெல்லாம் பஸ் பிடித்து வந்து நடந்துவிட்டுப் போவாள்.

போன தடவை வரவில்லை. காலையிலிருந்து காத்திருந்தேன். போன் எடுக்கவில்லை. விழுந்துவிட்டாளோ, மறுபடி முட்டியோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வந்து, அக்கா வரவில்லையென்றால் தான் இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கூடாது, அது அவள் பாடு என்று துரத்தினேன். பொழுது சாயும்போது போன் வந்தது. பின்னால் காற்று, தண்ணீர்ச் சத்தம்.

"எங்கமே போயிருந்தே? இன்னிக்கு உன் பாடு, மறந்துட்டியா?"ன்னு கத்தினேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. "மறந்தே போச்சும்மே. ஏரில இருந்தேன். பறி நெறைய இறா."

அன்றைக்கு அந்தத் தொட்டியில் யாரையும் நான் இறங்க விடவில்லை.